மூடியைத் திறந்து வைத்தால் சுவை கூடுமா, குறையுமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 4

"வீட்டிலேயே இ-லிக்விட் (இ-சிகரெட்டில் ஊற்றும் திரவம்) கலக்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு ஸ்ட்ராபெர்ரி, ஒரு வெனிலா கஸ்டர்ட். கலந்த அன்று இரண்டிலும் மூக்கைக் குத்தும் நெடி. மூடியைக் கழற்றி ஓரிரு நாள் காற்றாட வை, அப்புறம் இருட்டில் ஊறவை, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? இரண்டுக்கும் ஒரே கணக்குத்தானா?"

ஜனவரி 4, இரவு

ஒரே கணக்கு இல்லை. ஸ்ட்ராபெர்ரியை இப்போதே மூடுங்கள். கஸ்டர்டையும் மூடிவிடலாம், ஆனால் அதற்கு அவ்வளவு அவசரம் இல்லை.

பாட்டில் அலமாரியில் சும்மா இருப்பதாகத் தோன்றினாலும் உள்ளே மூன்று வேலைகள் நடக்கின்றன. ஃபிளேவர், அடிப்படைத் திரவமான கிளிசரினோடு முழுதாகக் கலப்பது ஒன்று. லேசான பொருள்கள் ஆவியாகி வெளியேறுவது இன்னொன்று. உள்ளே இருக்கும் பொருள்கள் தங்களுக்குள் வினைபுரிந்து வேறு பொருளாக மாறுவது மற்றொன்று. திறந்த மூடி உதவுவது ஆவியாவதற்கு மட்டும்தான். மற்ற இரண்டுக்கும் மூடி திறந்திருக்கிறதா இல்லையா என்பதே பொருட்டில்லை.

சரி, ஆவியாகிப் போவது எது? சில ஃபிளேவர்களில் எத்தனால் இருக்கும். 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் பொருள். சாராய நெடி அடித்தால் அதுதான். திறந்து வைத்தால் முதலில் கிளம்புவதும் அதுவே. பிரச்சினை என்னவென்றால் அதன் பின்னாலேயே பழ வாசனைகளும் கிளம்பிவிடும். பழக் கலவைகளில் நிறையப் பயன்படும் எத்தில் பியூட்டிரேட் 121 டிகிரியில் கொதிப்பது. வாழைப்பழ மணம் தரும் ஐசோஅமைல் அசிட்டேட் 142-இல். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனைக்கு அடிப்படையான லிமோனீன் 176-இல். வெனிலா மணத்துக்குக் காரணமான வெனிலின் 285. கொதிநிலையை மட்டும் வைத்து எவ்வளவு வேகத்தில் போகும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது, ஆனால் யார் முன்னால், யார் பின்னால் என்கிற வரிசை ஏறக்குறைய இதுதான். நெடி போகட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் ஸ்ட்ராபெர்ரியின் முகப்பு மணமும் சேர்ந்து போகிறது. வெனிலா அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனால்தான் காற்றாட வைத்த கலவை எல்லாமே கடைசியில் ஒரே மாதிரி இனிப்பாக, மொண்ணையாக முடிகிறது.

ஜனவரி 5

ஃபிளேவர் பாட்டிலின் லேபிளை முதலில் படியுங்கள். எத்தனால் என்று போட்டிருந்தால் காற்றாட வைப்பதில் ஒரு அர்த்தம் உண்டு. ஃபிளேவரைக் கரைக்கும் திரவமான புரொப்பிலீன் கிளைகால் மட்டும் இருந்தால் துரத்துவதற்கு அங்கே சாராயமே இல்லை. அப்போது போவதெல்லாம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வாசனைதான்.

ஜனவரி 7

கலப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் "ஊறவில்லை" என்று சொல்வதில் பாதி, சரியாகக் கலக்காததுதான் என்பது என் எண்ணம்.

கண்ணாடி பாட்டிலில் கிளிசரின் அதிகமுள்ள கலவையை ஊற்றி, மேலே ஃபிளேவரை விட்டு, ஒரு தடவை மட்டும் கவிழ்த்து நிமிர்த்துங்கள். விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நிறமில்லாத திரவத்துக்குள் நெளிநெளியாக இழைகள் ஓடும். ஃபிளேவர் ஒரு பக்கமும் கிளிசரின் ஒரு பக்கமுமாக இன்னும் சேராமல் நிற்பதைத்தான் பார்க்கிறீர்கள். நன்றாகக் குலுக்கினால் நுரைக்குமிழி நிறைந்து எதுவும் தெரியாது. பத்து நிமிடம் விட்டு, குமிழி மேலே ஏறிய பிறகு மறுபடி பிடித்தால், அடியில் இழைகள் இன்னும் இருக்கும். அந்த நேரத்தில் மேலிருந்து எடுத்துச் சுவைத்தால் ஒரு சுவை, அடியிலிருந்து எடுத்தால் வேறு சுவை.

20 டிகிரியில் கிளிசரினின் பாகுநிலை தண்ணீரைவிட ஏறக்குறைய 1,400 மடங்கு. அதற்குள் ஒரு பொருள் தானாகப் பரவ வேண்டும் என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும்! அதே கிளிசரினை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் பாகுநிலை பதினேழில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். பாட்டிலை இறுக மூடி, கை பொறுக்கும் வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தி, எடுத்துக் குலுக்கி, மறுபடி நிறுத்தினால் போதும். இழைகள் காணாமல் போகும். நிகோடினை இந்தச் சூட்டுக்குப் பிறகு, ஆறியதும் சேர்ப்பதே என் பழக்கம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

70 சதவீதத்துக்கு மேல் கிளிசரின் போடுபவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். கிளிசரினையும் புரொப்பிலீன் கிளைகாலையும் பாதிக்குப் பாதி கலப்பவர்கள் குலுக்கிவிட்டுப் போகலாம்.

ஜனவரி 7, பிற்பகல்

"அல்ட்ராசோனிக் கிளீனரில் ஒரு மணி நேரம் வைத்தால் ஒரு மாதம் ஊறியதற்குச் சமம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மீயொலி அதிர்வால் கழுவும் அந்தத் தொட்டி கலப்பதற்கு நல்ல கருவி, மறுக்கவில்லை. ஒரு மாதத்துக்குச் சமம் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் இரண்டு மடங்கு என்பது பல வினைகளுக்குப் பொருந்துகிற தோராயமான கணக்கு. அதன்படி பார்த்தால், அந்தக் கருவி 60 டிகிரி வரை சூடாக்கினாலும், 20-க்கும் 60-க்கும் நடுவே 16 மடங்கு. ஒரு மணி நேரம் என்ன, நான்கு மணி நேரமே 60 டிகிரியில் வைத்தாலும் அலமாரியில் இரண்டரை நாளுக்குச் சற்று அதிகமாக இருந்ததற்குச் சமம். அவ்வளவுதான். ஒரு மாதத்தை எட்ட வேண்டுமானால் கிட்டத்தட்ட இரண்டு நாள் ஓயாமல் சூட்டில் இருக்க வேண்டும். அந்த 16 மடங்கு, நமக்கு வேண்டாத வினைகளுக்கும் பொருந்தும். நிகோடின் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவது அதில் முக்கியமானது. அதனால்தான் மேலே ஆறிய பிறகு சேர்க்கச் சொன்னேன்.

ஜனவரி 12

"அப்படியென்றால் ஊறவைப்பது வெறும் கட்டுக்கதையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. கஸ்டர்ட், வெனிலா, பாதாம், லவங்கப்பட்டை, புகையிலை வகைகளில் உண்மையாகவே மாற்றம் வருகிறது. அதற்குக் காற்று வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

வெனிலின், பாதாம் வாசனையான பென்சால்டிஹைடு, லவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு, எலுமிச்சை வாசனையான சிட்ரால் எல்லாமே ஆல்டிஹைடு என்கிற வேதி வகையைச் சேர்ந்தவை. ஆல்டிஹைடு புரொப்பிலீன் கிளைகாலைச் சந்தித்தால் அசிட்டால் என்கிற வேறு பொருளாக மாறும். 2018-இல் அமெரிக்காவின் ஏல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், இப்படி மாறுவது 40 சதவீதத்துக்கு மேலேயும் போகிறது என்று காட்டினார்கள். வெனிலா ஃபிளேவரை அளந்து ஊற்றிக் கொஞ்ச காலம் விட்டுவிட்டால், அதே பாட்டிலில் அப்போது இருப்பது நீங்கள் ஊற்றிய வெனிலின் மட்டும் இல்லை. முனை மழுங்கி, மெத்தென்று ஆகிவிட்டது என்று நாம் உணர்வதில் இதற்குப் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். இது முழுக்க மூடிய பாட்டிலுக்குள் நடப்பது. ஆக்சிஜனுக்கு இதில் வேலையே கிடையாது.

அதே ஆய்வின் இன்னொரு பகுதியையும் சொல்லியாக வேண்டும். அந்த அசிட்டால்கள் நம் உடலில் எரிச்சலை உணரும் ஏற்பிகளைத் தூண்டுகின்றன என்றும், பாட்டிலில் இருப்பதில் 50 முதல் 80 சதவீதம் ஆவியோடு வருகிறது என்றும் கண்டார்கள். நாக்குக்கு இதமாகத் தெரிவது மூச்சுக்குழாய்க்கும் இதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஊறவைப்பதைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 13

நிறத்தை வைத்து "ஊறிவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள். வெனிலின் உள்ளதும் கறுக்கும், நிகோடின் உள்ளதும் கறுக்கும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கறுக்கும். என்னிடம் உள்ள ஒரு கஸ்டர்ட் வெளிர் மஞ்சளில் தொடங்கி இப்போது கடுந்தேநீர் நிறத்தில் நிற்கிறது. சுவை அதற்கு வெகு முன்பே நிலைத்துவிட்டது. ஸ்ட்ராபெர்ரி நிறம் மாறாமலே இருக்கலாம், அதனால் ஊறவில்லை என்று ஆகாது. பழக் கலவைக்கு நல்ல குலுக்கலும் ஓர் இரவும் போதும் என்பது என் அனுபவம்.

ஜனவரி 19

"மூடியைத் திறந்து வைத்தேன், கலவை நீர்த்துப்போனது போலிருக்கிறது. கற்பனையா?"

கற்பனை இல்லை. கிளிசரினும் புரொப்பிலீன் கிளைகாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளவை. ஈரப்பதம் மிகுந்த அறையில் அகலவாய்ப் பாத்திரத்தில் திறந்து வைத்தால் எடை கூடுவதைத் தராசிலேயே பார்க்கலாம். காற்றாட வைக்கும்போது வாசனை வெளியே போகிறது, தண்ணீர் உள்ளே வருகிறது. நீர் ஏறிய திரவம் காயிலில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்) பொரியும், தெறிக்கும். தெறிப்பு அதிகமாகும்போது பலர் காயிலைக் குறை சொல்லி மாற்றுகிறார்கள். பாட்டில் எத்தனை நாள் திறந்து கிடந்தது என்று யோசிப்பதில்லை.

எனவே ஜனவரி 5 குறிப்பில் "அர்த்தம் உண்டு" என்று சொன்னதைக் கொஞ்சம் இறுக்குகிறேன். எத்தனால் இருந்தாலும் ஒரே மூச்சில் திறந்து வைக்க வேண்டாம். மூடியைத் திறந்து, பிளாஸ்டிக் பாட்டிலைப் பக்கவாட்டில் மெல்ல அமுக்கி உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றி, மூடி, குலுக்கி, பிறகு மறுபடி செய்யுங்கள். பாட்டிலின் மேற்பகுதியில் சேர்ந்த சாராய ஆவி மட்டும் போகும். குத்தும் நெடி அடங்கியதும் நிறுத்திவிடலாம்.

ஜனவரி 26

இதுவரை சொன்னதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். நானும் ஒரே கலவையை இரண்டு பாட்டிலாகப் பிரித்து, ஒன்றை மூடியும் ஒன்றைத் திறந்தும் வைத்துத்தான் ஒரு கருத்துக்கு வந்தேன். ஆனால் எது எந்தப் பாட்டில் என்று தெரிந்தே சுவைத்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை. எதிர்பார்ப்பு நாக்கை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகும்.

வீட்டில் இருப்பவரிடம் மூன்று சிறு பாட்டில்களைக் கொடுங்கள். இரண்டில் ஒரே திரவம், ஒன்றில் மற்றது. எது தனி என்று நீங்கள் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும், எனவே ஒரே ஒரு தடவை சரியாகச் சொன்னதை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது. ஆறு சுற்றில் நான்கு சரி என்பதுகூட வெறும் அதிர்ஷ்டத்தால் பத்தில் ஒரு தடவை நடக்கக்கூடியது. ஐந்து சரி என்றால் அதிர்ஷ்டத்தின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அப்போது வித்தியாசம் உண்மை என்று தைரியமாகச் சொல்லலாம். நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால் விளக்கை மங்கலாக்குங்கள். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மூக்கு அந்த வாசனைக்குப் பழகி எதையுமே பிரித்துச் சொல்லாது. வாயில் இழுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, காகிதக் கீற்றில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இன்னொன்று. காயிலும் மாறக் கூடாது. காயிலுக்குத் திரவம் ஊட்டும் பஞ்சு புதிதாக இருந்தால் அதற்கென்று ஒரு சுவை உண்டு, பழைய காயிலுக்கு ஒரு கருகல் உண்டு. "மூன்றாம் நாள் நன்றாகிவிட்டது" என்பதில் எவ்வளவு திரவம், எவ்வளவு பஞ்சு என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

பிப்ரவரி 2

கஸ்டர்ட் பற்றி ஒரு மறுயோசனை.

மாதக்கணக்கில் ஊறிய கஸ்டர்டுக்கு ஈடில்லை என்று பலர் எழுதுகிறார்கள். சுவையில் எனக்கும் அதே ரசனைதான். ஆனால் கஸ்டர்டின் வெண்ணெய்ச் சுவை எங்கிருந்து வருகிறது? முன்பு டைஅசிட்டைல். 2000-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரலின் சிறு குழாய்கள் தழும்பேறி அடைபடும் நோய் கண்டறியப்பட்டது. வெண்ணெய் ஃபிளேவரின் ஆவியோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. அதற்குப் பிறகு ஃபிளேவர் தயாரிப்பவர்கள் பலர் டைஅசிட்டைலை விட்டு, அதே போன்ற வெண்ணெய்ச் சுவை தரும் அசிட்டோயினுக்கு மாறினார்கள். "டைஅசிட்டைல் இல்லை" என்று லேபிளில் போட்டிருப்பதைப் பார்த்து நாமும் நிம்மதி அடைந்தோம்.

2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இ-லிக்விடில் இருக்கும் அசிட்டோயின் நாளாக நாளாக டைஅசிட்டைலாக மாறுகிறது என்று காட்டியது. நிகோடின் இருந்தால் அந்த மாற்றம் இன்னும் வேகமாகிறது. நிகோடின் திரவத்தைக் காரத்தன்மைக்குத் தள்ளுவது அதற்கு ஒரு காரணம். இது ஆக்சிஜனேற்றம். அதாவது இங்கே காற்றுக்கு வேலை இருக்கிறது, நமக்கு வேண்டாத வேலை. நிகோடின் சேர்த்த கஸ்டர்டை மூடி திறந்து, வெதுவெதுப்பான இடத்தில், மாதக்கணக்கில் வைப்பது என்பது இந்த மாற்றத்துக்குத் தேவையான எல்லாவற்றையும் நாமே ஏற்பாடு செய்துகொடுப்பது.

டைஅசிட்டைலே 88 டிகிரியில் கொதிப்பதுதானே, காற்றாட வைத்தால் போய்விடாதா என்று கேட்கலாம். கொஞ்சம் போகும். உள்ளே உற்பத்தி நடந்துகொண்டே இருக்கும்போது வெளியே போவதை நம்பி உட்கார முடியாது.

நான் இப்போது செய்வது: அசிட்டோயின் இல்லாத வெனிலா, கிரீம் ஃபிளேவர்களைத் தேடி எடுக்கிறேன். தயாரிப்பாளர் உட்பொருள் விவரம் தராத கஸ்டர்ட் பக்கமே போவதில்லை. நிகோடின் இல்லாமல் ஊறவைத்து, பயன்படுத்தும் நாளில்தான் நிகோடின் சேர்க்கிறேன். சுவையில் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பரவாயில்லை.

பிப்ரவரி 3

சமையலுக்கான எண்ணெய் வகை எசென்ஸை ஊறவைத்தால் கரைந்துவிடுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கரையாது, கரைந்தாலும் போடக் கூடாது. எண்ணெய் எதுவும் நுரையீரலுக்குள் போகக் கூடாது. 2019-இல் அமெரிக்காவில் பெரிதாகப் பேசப்பட்ட நுரையீரல் பாதிப்பில், வைட்டமின் இ அசிட்டேட் என்கிற எண்ணெய்ப் பொருள்தான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. தண்ணீர் விட்டால் மேலே மிதக்கிறதா என்று பார்ப்பது சுலபமான சோதனை, ஆனால் லேபிள் தெளிவாக இல்லாத எதையும் சோதித்துப் பார்ப்பதைவிட விட்டுவிடுவதே நல்லது.

கூடவே இதையும் சொல்லிவிடுகிறேன். அடர் நிகோடின் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். நைட்ரில் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஊறிக்கொண்டிருக்கும் பாட்டில்களைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். ஸ்ட்ராபெர்ரி மணக்கும் பாட்டில் குழந்தைக்குத் தின்பண்டமாகத்தான் தெரியும். இ-சிகரெட்டையே முழுக்கத் தடை செய்த நாடுகளும் உண்டு, உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். புகைபிடிக்காதவர் இதற்குள் வர ஒரு காரணமும் இல்லை.

பிப்ரவரி 15

கேள்வி கேட்ட நண்பர் முடிவுகளைப் போட்டிருக்கிறார். ஸ்ட்ராபெர்ரியில் ஆறு சுற்றில் ஆறும் சரி, மூடிய பாட்டில்தான் பிடித்திருக்கிறது. கஸ்டர்டில் இரண்டு மட்டுமே சரி. மூடியதற்கும் திறந்ததற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். கஸ்டர்ட் முடிவு எனக்கு இன்னும் சுவாரசியம். திறந்து வைத்ததால் லாபம் எதுவும் இல்லை என்பதற்கு அது போதும். வெனிலினும், இனிப்பு மணம் தரும் எத்தில் மால்ட்டாலும் லேசில் ஆவியாகாதவை, அதனால் இழப்பும் பெரிதாகத் தெரியவில்லை. புதிதாகக் கலந்த கஸ்டர்டையும் ஊறிய கஸ்டர்டையும் இதே முறையில் ஒப்பிட்டால் நிச்சயம் பிரித்துச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன். முடிந்தால் நிகோடின் இல்லாமல் செய்து பாருங்கள்.

இனிப்பு மட்டும் தூக்கலாக இருந்து மற்ற வாசனைகள் அமுங்கியிருந்தால் ஊறவைப்பதில் தீர்வு தேடாதீர்கள். எத்தில் மால்ட்டால் அதிகமானால் மற்ற ஃபிளேவர்களை அமுக்கிவிடும். அதன் அளவைப் பாதியாக்கிப் புதிதாகக் கலப்பதுதான் வழி.

பிப்ரவரி 16

பாட்டில் எது நல்லது என்ற கேள்விக்கு: ஊறவைக்கப் பழுப்புக் கண்ணாடி, கழுத்து வரை நிரப்பி. பாதி காலியான பெரிய பாட்டிலில் இருக்கும் காற்றே நிகோடினைக் கெடுக்கப் போதும். எனவே ஒரு பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்னச் சின்னதாகப் பிரித்து வையுங்கள். அமுக்கிச் சொட்டுவிடும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டில் அன்றாடப் பயன்பாட்டுக்குச் சரி. நீண்ட நாள் வைத்தால் அதன் சுவர் வழியாகவே வாசனை கசியும். மெந்தால் பாட்டிலைப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு இது தெரியும். எலுமிச்சை, லவங்கப்பட்டை வகைகள் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் டேங்க்கை (இ-சிகரெட்டில் திரவம் ஊற்றும் பகுதி) விரிசல் விட வைக்கும் என்பதால் அவற்றுக்குக் கண்ணாடி டேங்க்.

நிகோடின் அடிப்படைத் திரவத்தை ஃப்ரீசரில் வைக்கலாமா என்றால், தாராளமாக, உணவுப் பொருள்களிலிருந்து தனியாக, பூட்டிய பெட்டியில். உறைந்து பாட்டில் வெடிக்குமோ என்ற பயம் வேண்டாம், கெட்டியாகுமே தவிரப் பனிக்கட்டி ஆகாது. வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த பாட்டிலின் மேல் ஈரம் படியும், திறந்தால் அந்த ஈரம் உள்ளே போகும். அறை வெப்பத்துக்கு வந்ததும் வெளிப்புறத்தைத் துடைத்து, குலுக்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டு உடனே மூடி உள்ளே வையுங்கள்.